நோய் பிடிபடாத நாயைப் பார்த்துக்கொள்வது எப்படி

நாய் இரண்டு மாதமாகச் சரியில்லை. ஒரு வாரம் தட்டை நக்கிக் காலி செய்கிறது, அடுத்த வாரம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். ஊசி போட்டால் நாலு நாள் வாலாட்டுகிறது, ஐந்தாம் நாள் மறுபடி மூலையில் சுருண்டுவிடுகிறது. வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை.

இப்படி அலைக்கழியும் நாய்களில் பலவற்றுக்கு வந்திருப்பது யாரும் கேள்விப்படாத அரிய நோய் அல்ல. தெரிந்த நோய்தான், தடயம்தான் கலைந்து கிடக்கிறது. ஒரு டாக்டர் பார்த்தது ஒரு நாளை, இன்னொருவர் பார்த்தது வேறொரு நாளை. ஒரு மாதம் கொடுக்க வேண்டிய மாத்திரை, நாய் தெளிந்துவிட்டது என்று ஆறாம் நாளே நின்றது. நடுவில் போட்ட ஊசியின் பெயர் சீட்டில் இல்லை. சாப்பாட்டையும் மருந்தையும் ஒரே நாளில் மாற்றியதால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க டாக்டருக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது. அதைச் சேகரிக்கக்கூடியவர் நாயோடு இரவும் பகலும் இருக்கும் நீங்கள்தான்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவிப்பது. ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ மாறுவது. படுத்திருக்கும்போதே வாயைத் திறந்து, வயிற்றை இழுத்து மூச்சு விடுவது. ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் வராதது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுவது, அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வலிப்பு வருவது. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுப்பதும் அப்படியே. அது கருப்பையில் சீழ் கட்டியதாக இருக்கலாம், சீழ் வெளியே வராமலும் இருக்கலாம்.

எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல ஒரு நாய் தவித்தால் வாய்க்குள் கையை விடாதீர்கள். குரல் மாறியிருந்தாலோ, திடீரென்று சுபாவம் மாறியிருந்தாலோ, தடுப்பூசிக் கணக்கு நிச்சயமில்லை என்றாலோ வெறிநோய் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நாயைத் தனியாகக் கட்டிவிட்டு முதலில் டாக்டரிடம் போனில் சொல்லுங்கள். எச்சில் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தினமும் எழுத வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதுவதைவிட நோட்டு நல்லது, வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு நாளுக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம். நீளமாக எழுத ஆரம்பித்தால் பத்தாம் நாள் நின்றுபோகும்.

உடல் சூடு முதலில். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்பைவிட அதன் உடம்பு எப்போதும் சூடுதான். அதனால் காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்பதும், மூக்கு காய்ந்திருக்கிறது என்று பயப்படுவதும் கணக்கில் வராது. நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். நுனியில் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவி, ஒருவர் தலைப்பக்கம் அணைத்துக்கொள்ள, இன்னொருவர் வாலைத் தூக்கி ஆசனவாயில் 2 செ.மீ. அளவு நுழைத்து, சத்தம் கேட்கும்வரை பிடிக்க வேண்டும். காலையில், நாய் அரை மணி நேரமாவது ஓய்வாக இருந்த பிறகு எடுங்கள். மே மாத வெயிலில் நடந்துவிட்டு வந்த நாய்க்கு எடுத்தால் 103 காட்டும், அது காய்ச்சல் அல்ல. ஓய்வில் 103-ஐத் தாண்டினால் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். 105 என்றால் அப்போதே கிளம்புங்கள்.

அடுத்தது தூங்கும்போது மூச்சு. விலா ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நன்றாகத் தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். தொடர்ந்து சில நாள் 30-க்கு மேல் ஓடினால் இதயம், நுரையீரல், ரத்தசோகை என்று டாக்டர் தேட வேண்டிய திசையே மாறும். பைசா செலவில்லாத பரிசோதனை இது.

தண்ணீரை அளப்பது கொஞ்சம் வேலை. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழிக்க வேண்டும். குளியலறை வாளி, செடித்தொட்டித் தட்டு, வாசல் தொட்டி எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் மூடி வையுங்கள். கிலோவுக்கு 50, 60 மி.லி. அளவு இயல்பு. 100 மி.லி.யைத் தாண்டினால் அது நோயின் அடையாளம். அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரகம், கருப்பைச் சீழ், குஷிங் நோய் (உடம்பில் கார்ட்டிசால் ஹார்மோன் மிகுவது), ஸ்டீராய்டு மருந்து எல்லாம் இந்த ஓர் அளவில் தெரியவரும்.

எடையை வாரம் ஒரு முறை, அதே மெஷினில், வெறும் வயிற்றில் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பெரிய நாய் என்றால் கிளினிக் மெஷின்தான் சரி, எடை பார்க்க மட்டும் போய்விட்டு வரலாம். அடர்த்தியான முடிக்குள் இளைப்பு தெரியாது. 20 கிலோ நாய் 18 ஆகியிருந்தால் அது நாம் 60-லிருந்து 54-க்கு இறங்கியதற்குச் சமம்.

சாப்பாட்டைப் பற்றி ‘சாப்பிடவில்லை’ என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும். எப்படிச் சாப்பிடவில்லை என்பதில்தான் துப்பு இருக்கிறது. ஆசையாக ஓடி வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சில் விட்டுப் பின்வாங்கினால் பசி இருக்கிறது, குமட்டுகிறது. வாயில் எடுத்து எடுத்துக் கீழே போட்டால் பல், ஈறு, தாடை வலி. தரையில் வைத்தால் சாப்பிடாமல் கையில் நீட்டினால் சாப்பிடும் நாய்க்குக் கழுத்து வலியோ என்று சந்தேகப்படலாம், குனிய முடியவில்லை. தட்டை ஒரு ஸ்டூல் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டுப் பக்கமே வராமல் படுத்திருந்தால் அது வேறு. நாலும் நாலு திசை. டாக்டர் மேஜையில் நடுங்கி நிற்கும் நாயைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: ‘செவ்வாய். சூடு 102.9, மூச்சு 24. காலை பாதிச் சாதம், உதடு நக்கியது. மலம் இரண்டு முறை, இரண்டாவது சளியோடு. மாலை பந்துக்கு வந்தது. மருந்து: காலை 9, இரவு 9, வாந்தி இல்லை.’

இருமல், தள்ளாட்டம், விழுதல், உடல் இழுத்தல் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, முழு உடலும் தெரிய ஒரு நிமிடம். நாய் விழுந்தது வலிப்பா மயக்கமா என்பதைப் பெரும்பாலும் அடுத்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும். வலிப்பு என்றால் எழுந்த பிறகும் ஆளைத் தெரியாமல், சுவரில் முட்டி, குழம்பித் திரியும். இதயக் கோளாறால் வந்த மயக்கம் என்றால் ஓடும்போதோ உற்சாகத்தில் குதிக்கும்போதோ விழுந்து, சட்டென எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். அதனால் நாய் எழுந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடாதீர்கள்.

பெயர் தெரியாத ஊசி

நோய் பிடிபடாமல் போவதற்கு முக்கியமான காரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் ஸ்டீராய்டைத்தான் சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், டிரையாம்சினோலோன் எல்லாம் அந்தக் குடும்பம். மருந்து மோசமானதல்ல, பல நோய்களுக்கு உயிர் காப்பதே அதுதான். ஆனால் என்ன நோய் என்று தெரிவதற்கு முன் போட்டால் அரிப்பு, வீக்கம், காய்ச்சல், வலி நாலையும் சில நாள் அடக்கி, நாய்க்குப் பசியையும் கிளப்பிவிடும். எல்லாருக்கும் சரியானதுபோல் தோன்றும். அடியில் நோய் அதன் பாட்டுக்கு நடக்கும்.

பரிசோதனைகளையும் அது குழப்பும். தைராய்டு அளவு குறைந்து காட்டும். கல்லீரலின் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறும். வெள்ளணுக் கணக்கு மாறும். நிணநீர்ப் புற்று இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, ஊசியில் எடுத்த மாதிரியில் தெரியாமல் போவதோடு, பின்னால் கொடுக்கும் கீமோவுக்கும் பலன் குறையும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் கேளுங்கள். “டாக்டர், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? சீட்டில் எழுதித் தர முடியுமா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பழைய ஊசிகள் எவை என்று தெரியாவிட்டால் அந்தந்த கிளினிக்குக்குப் போன் செய்து தேதியைச் சொல்லிக் கேட்டு வாங்கி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு பக்கம் பல ரிப்போர்ட்டுகளைவிடப் பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், நாய் சரிந்துவிடும். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டோடு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் சேர்ந்தால் குடலில் புண்ணாகி ரத்தம் கசியும், மலம் தார்போலக் கறுப்பாகும். வீட்டில் இருக்கும் நம் வலி மாத்திரை எதையும், பாராசிட்டமால் உட்பட, நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

‘எல்லாம் நார்மல்’ என்றால் என்ன பொருள்

வழக்கமாக எடுப்பது ரத்த அணுக் கணக்கு, கல்லீரல், சிறுநீரகம் மூன்றும்தான். இவை நார்மல் என்றால் இவற்றில் தெரியக்கூடிய கோளாறு அன்றைக்கு இல்லை என்று மட்டுமே பொருள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். அதற்கு முன்பே சிறுநீரின் அடர்த்தி குறைந்து காட்டிக்கொடுக்கும், ஆனால் சிறுநீரை யாரும் கேட்பதில்லை. கணையச் சுரப்புக் குறைவு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, பி12 குறைவு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பரிசோதனை உண்டு.

மாதிரி கொடுப்பதிலேயே பாதி தவறு நடக்கிறது. சிறுநீரைக் காலையில் முதல் முறை போகும்போது, நீளக் கைப்பிடி உள்ள சுத்தமான எவர்சில்வர் கரண்டியில், நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முன்கூட்டியே நீட்டினால் நாய் நிறுத்திவிடும், ஆரம்பித்த பிறகு பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். லேபில் வாங்கிய மூடிய டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள், தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு இது போதாது, டாக்டர் ஊசியால் மூத்திரப்பையிலிருந்தே எடுப்பார்.

மலத்தை மூன்று வெவ்வேறு நாளில் கொடுங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் சாட்டைப்புழு முட்டையும் ஒவ்வொரு நாளும் வெளியே வருவதில்லை. நெல்லிக்காய் அளவு போதும், மண் படாத மேல் பகுதியாக இருக்கட்டும். மண்ணில் இருக்கும் புழு ஒட்டிக்கொண்டால் லேப் ஏமாந்துவிடும்.

ரத்தத்துக்கு 8 முதல் 12 மணி நேரம் உணவில்லாமல் கூட்டிப்போங்கள், தண்ணீர் கொடுக்கலாம். குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். பிளேட்லெட் குறைவு என்று மெஷின் சொன்னால் ஸ்லைடில் கண்ணால் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியானால் மெஷின் குறைத்துக் காட்டும். கிரேஹவுண்ட் நாய்களுக்கு இயல்பாகவே பிளேட்லெட்டும் தைராய்டும் குறைவாக, சிவப்பணு அதிகமாக இருக்கும். அதே உடல்வாகு உள்ள சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் ரிப்போர்ட்டை வாசிக்கும்போது இதை டாக்டரிடம் நினைவூட்டலாம்.

உண்ணிக் காய்ச்சல்: முதல் சந்தேகம்

தமிழ்நாட்டில் ஒரு நாய் விட்டு விட்டுக் காய்ச்சல், பசியின்மை, இளைப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்று வந்தால் ‘உண்ணி இப்போது இல்லையே’ என்று உண்ணிக் காய்ச்சலைத் தள்ளிவிடாதீர்கள். உண்ணி கடிக்கும்போது பரவும் எர்லிக்கியா கிருமி நுழைந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், சில வாரத்தில் தானாகவே அடங்கும். பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், நாய் நன்றாகவே இருக்கும். அதன் பின் சிலவற்றில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தத்தின் மூன்றுவகை அணுவும் குறையும். கடித்த உண்ணி எப்போதோ போயிருக்கும்.

ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. காது நுனியில் குத்தி வரும் முதல் சொட்டில் அங்கேயே ஸ்லைடு போட்டால் தெரிய வாய்ப்புக் கூடும். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடி கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடியும் அட்டைப் பரிசோதனை, நோயின் முதல் வாரங்களில் இல்லை என்று காட்டலாம். குணமான பிறகும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட இருக்கிறது என்றே காட்டலாம். அதனால் அட்டையை வைத்து மறுபடி மறுபடி மருந்து கொடுப்பதும் தவறு. பி.சி.ஆர். பரிசோதனை கிருமியின் மரபணுவையே தேடும். ஆனால் இந்த நோய்க்கான டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்துவிட வேண்டும். பணம் இப்போது இல்லை என்றால்கூட ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைக்க முடியுமா என்று லேபில் கேட்டுப் பாருங்கள்.

மருந்து டாக்டர் கையில். வழக்கமான கணக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. டாக்சிசைக்ளின், 28 நாள். ஐந்தாம் நாள் நாய் துள்ளுகிறது என்று நிறுத்துவதுதான் இந்த நோய் ‘பிடிபடாமல்’ திரும்பித் திரும்பி வருவதற்கு வழி. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும், அதனால் மாத்திரைக்குப் பின் நாலு வாய் சாதமோ சிரிஞ்சில் 10 மி.லி. தண்ணீரோ கட்டாயம். தயிர்சாதத்துக்குள் ஒளித்துக் கொடுக்காதீர்கள், பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மருந்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

புதிதாக வந்த எர்லிக்கியா என்றால் இரண்டு மூன்று நாளில் தெளிவு தெரியும். ஒரு வாரமாகியும் அசைவில்லை என்றால் மருந்தை நீட்டிக்கொண்டே போகாமல் பேபிசியா ஜிப்சோனியைத் தேடச் சொல்லுங்கள். தென்னிந்தியாவில் அதுவும் உண்டு, இரண்டும் சேர்ந்தும் வரும். சிவப்பணுவை உடைக்கும் ஒட்டுண்ணி அது. ஈறு வெளிறும், சிறுநீர் காப்பி நிறமாகலாம். டாக்சிசைக்ளின் மட்டும் அதை ஒழிக்காது. பேபிசியாவுக்கு வழக்கமாகப் போடும் இமிடோகார்ப் ஊசி, பெரிய வகைப் பேபிசியாவில் வேலை செய்வதுபோல் இதில் செய்யாது. அட்டோவகுவோனை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொழுப்புள்ள உணவோடும், அசித்ரோமைசினை நாளுக்கு ஒரு முறையும் 10 நாள் கொடுப்பார்கள். செலவு கூடுதல். முடிந்த பிறகு 60, 90-ஆம் நாளில் பி.சி.ஆர். எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

உண்ணி வீட்டில் இருந்தால் இதெல்லாம் வீண். பழுப்பு உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதி நாய்மேல் இருப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கி, சுவரில் மேல்நோக்கி ஏறி, நிலைக்கால் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் சுவிட்ச் பெட்டி ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரவில் டார்ச் அடித்துச் சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள், தரையை மட்டும் பார்த்தால் தெரியாது. விரிசலைச் சிமெண்டோ பட்டியோ வைத்து அடைத்து, நாய்க்கு மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரை வாங்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது.

ட்ரிப்ஸ் போட்டால் எழுந்து நிற்கும் நாய்

இது தனியாகச் சொல்லத் தகுந்தது. தீபாவளி வெடிக்கு மறுநாள், ஊருக்குப் போய் நாயை விடுதியில் விட்டுவிட்டு வந்த வாரம், வீட்டில் விசேஷம் முடிந்த மறுநாள் என்று நாய் வாந்தி, பேதி, நடுக்கத்தோடு துவண்டு விழுகிறது. சலைன் ஏற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. ‘ஏதோ தின்றிருக்கும்’ என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி. நோட்டில் இந்தத் தேதிகளைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் முந்தின நாள் ஒரு பதற்றம் இருந்தது தெரியும்.

பதற்றத்தைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோனை அட்ரினல் சுரப்பி சுரக்காத ஆடிசன் நோய் இப்படித்தான் வேஷம் போடும். இளம், நடுவயது நாய்களில், பெண் நாய்களில் சற்று அதிகம். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து வரும் விகிதம் 27-க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் வலுக்கும், ஆனால் சாட்டைப்புழு முற்றிய நாயும் அதே விகிதத்தைக் காட்டும். இரண்டும் நார்மலாக இருந்தும் ஆடிசன் இருக்கும் வகையும் உண்டு. ரத்தத்தில் அடிப்படைக் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் இந்த நோயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். கீழே என்றால், ஊசி போட்டு அட்ரினல் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் ஏ.சி.டி.எச். பரிசோதனைதான் முடிவு சொல்லும். பிரெட்னிசோலோன் கொடுத்திருந்தால் இந்தப் பரிசோதனை குழம்பும், நோட்டின் முதல் பக்கம் இங்கேதான் கைகொடுக்கும். பிடிபட்டுவிட்டால் ஆயுள் முழுக்க மருந்தோடு நாய் நன்றாக வாழும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகோரப் பசியோடு தின்றும் இளைத்து, மாட்டுச் சாணிபோல நிறைய, வெளுத்த மலம் போனால், அதிலும் ஜெர்மன் ஷெப்பர்டாக இருந்தால், கணையத்துக்கான டி.எல்.ஐ. பரிசோதனை. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் ரத்தமும் தும்மலும் என்றால் பல் வேரில் சீழ், புற்று, அல்லது நாய்களிடையே இணைசேரும்போதும் முகரும்போதும் தொற்றும் கட்டி. அந்தக் கட்டிக்கு வாராவாரம் வின்கிரிஸ்டின் நன்றாகக் கேட்கும். மழைக்காலத்தில் கண் மஞ்சள், வாந்தி, சிறுநீர் குறைவு என்றால் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ. அது நமக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் சிறுநீரைத் துடைக்காதீர்கள். சாம்பார் சாதத்திலேயே வளரும் நாய்க்குக் காரணம் தெரியாத ரத்தசோகை என்றால் வெங்காயத்தை நினைத்துப் பாருங்கள், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. தீராத அரிப்பில் சொறிப்பூச்சி தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையில் சிக்காமல் போவது சகஜம், அதனால் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே சரியான முறை.

சாப்பாட்டுச் சோதனையைச் சரியாகச் செய்வது

மூன்று வாரத்துக்கு மேல் நீளும் பேதி, வருடம் முழுக்க இருக்கும் அரிப்பு, அடிக்கடி வரும் காதுப்புண் மூன்றுக்கும் உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் உணவு அலர்ஜி பார்க்கும் பரிசோதனையை நம்பிப் பணம் போடாதீர்கள், அது நம்பத்தக்கதாக இல்லை. சோதனை தட்டில்தான்.

நாய் இதுவரை தின்னாத ஓர் இறைச்சியும் ஒரு மாவுப்பொருளும் மட்டும். கோழியும் அரிசியும் தின்று வளர்ந்த நாய்க்கு, ஆடு தொட்டதே இல்லை என்றால், ஆட்டிறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். காடையும் வான்கோழியும் கோழிக்கு மாற்றாகாது, பறவை பறவைதான். உப்பு, எண்ணெய், மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம், வெறும் வேகவைத்தது. பழைய உணவிலிருந்து ஐந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வயிற்றுக் கோளாறு என்றால் இரண்டு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும். தோல் என்றால் எட்டு வாரம். வளரும் குட்டிக்கு வீட்டில் சமைத்து இவ்வளவு நாள் ஓட்டக் கூடாது, கால்சியம் போதாது. புரதத்தை உடைத்துச் செய்த மருத்துவ உணவு அதற்கு ஏற்றது.

இது தோற்பது எப்போதும் ஓரத்தில்தான். தாத்தா கொடுத்த மேரி பிஸ்கட், பக்கத்து வீட்டு எலும்பு, கோழி வாசனை சேர்த்த உண்ணி மாத்திரை, மாத்திரையைப் பொதிந்து கொடுத்த சீஸ், பூனைத் தட்டு. ஒரு வாய் போதும், கணக்கு குழம்பிவிடும். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், தாத்தா கையில் அதே சர்க்கரைவள்ளித் துண்டைக் கொடுத்துவிடுங்கள். எட்டாம் வாரம் சரியாகிவிட்டால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் நிரூபணமாயிற்று. திரும்பாவிட்டால் குணமாக்கியது உணவு அல்ல. இந்தக் கடைசிப் படியைச் செய்ய யாருக்கும் மனம் வராது, ஆனால் செய்யாவிட்டால் காரணம் தெரியாமலேயே நாய் ஆயுள் முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டியிருக்கும்.

இதே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். புது மருந்து தொடங்கிய வாரத்தில் ஷாம்பூவை மாற்றாதீர்கள்.

ஒரே டாக்டர், ஒரே பக்கம்

எத்தனை நிபுணரைப் பார்த்தாலும் எல்லா ரிப்போர்ட்டும் வந்து சேர ஒரு டாக்டர் வேண்டும். மிகப் பிரபலமானவராக இருக்க வேண்டியதில்லை. போனை எடுப்பவராக, பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுபவராக இருக்கட்டும். அவரிடம் கொடுக்க ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வயது, எடை, கருத்தடை, தடுப்பூசி, என்று தொடங்கியது, என்னென்ன மருந்து எத்தனை நாள், ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது. மேலே ஒரு வரியில் உங்களை அதிகம் கவலைப்படுத்துவது எது என்றும் எழுதுங்கள்.

கேட்க வேண்டியவை மூன்றே. இப்போது நீங்கள் சந்தேகிப்பது எந்தெந்த நோயை? இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா? எத்தனை நாளில் மாற்றம் தெரியாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்? இரண்டாவதற்கு மாறாது என்று பதில் வந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதையும் வெட்கப்படாமல் தொகையோடு சொல்லிவிடுங்கள். நல்ல டாக்டர் அதற்குள் எது முதலில் என்று வரிசைப்படுத்தித் தருவார்.

உள்ளூரில் வழி அடைந்துவிட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி ஆகிய இடங்களில் மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். இலங்கையில் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா மருத்துவமனை. காலையிலேயே போய்விடுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள், எழுதிய முடிவு மட்டும் போதாது.

பெயர் தெரியாமலே வாழ வேண்டியிருந்தால்

எல்லாம் செய்தும் சில நாய்களுக்குப் பெயர் கிடைப்பதில்லை. அப்போது குறி மாறுகிறது. குமட்டல், வலி, நீர்வற்றல், பட்டினி நான்கையும் கட்டுப்படுத்தினால் நாய்க்கு நாள் நல்ல நாள். குமட்டலுக்கு மாரோபிடன்ட் போன்ற மருந்து இருக்கிறது, நாய் சாப்பிடவில்லை என்றால் ஊட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். குமட்டும் நாயின் வாயைத் திறந்து திணித்தால் அந்த உணவையே அது வெறுக்கத் தொடங்கலாம். உணவைக் கை சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். ஒரு வேளைக்குப் பதில் நாலு வேளை, ஒவ்வொரு முறையும் நாலு கரண்டி. 15 நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள். வழுக்கும் டைல்ஸில் சாக்கு விரித்துவிட்டால் பலவீனமான நாய் எழுந்து தண்ணீருக்குத் தானே போகும்.

பார்த்துக்கொள்பவரும் தூங்க வேண்டும். இரவு மருந்தை ஒருவர், விடியற்கால மருந்தை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லாம் செய்யும் வீட்டில்தான் மருந்து இரண்டு முறை போவதும் விட்டுப்போவதும் நடக்கும்.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு இரவும் ஒரு குறி போடுங்கள். தானாக எழுந்ததா, சாப்பிட்டதா, உங்களைப் பார்த்து வாலாட்டியதா, அதற்குப் பிடித்த ஒரு காரியத்தையாவது செய்ததா? நான்கில் மூன்றுக்காவது ஆம் என்றால் வட்டம், இல்லை என்றால் பெருக்கல் குறி. தினமும் கூடவே இருப்பதால் மெல்லச் சரிவது கண்ணுக்குத் தெரியாது, காலண்டரில் தெரியும். இரண்டு வாரமாகப் பெருக்கல் குறி வட்டத்தைவிட அதிகம் என்றால் அந்தத் தாளைக் கிழித்து டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். “உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றிப் பேச வேண்டும் என்றால் அதை வீட்டுக்கு வந்து செய்ய முடியுமா, முதலில் தூங்க ஊசி போடுவார்களா, யார் கூட இருக்கலாம் என்று அன்றைக்கே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.